முதல் மழைப் பசும்புல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தூத்துக்குடியை முத்துக்குளித்துறையாகவும் துறைமுகமாகவும் மட்டுமே அறிந்தவர்கள், அதன் உப்பளங்களுக்கு வடக்கிலும் வடமேற்கிலும் விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி என விரியும் கரிசல், வேம்பூர்ச் செம்மறி உருவான மேய்ச்சல் நாடு என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. அங்கே மந்தைக்குத் தலைமை ஏற்கும் மூத்த மேய்ப்பரான கீதாரி, புல் கண்ட திசையில் ஆட்டை ஓட்டிச் செல்பவர் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில், மழைக்காலத்தில் பயிர் நிற்கும்போது தரிசிலும் கண்மாய்க் கரையிலும் மேயும் மந்தை, கம்பும் சோளமும் அறுபட்டபின் அத்தாள்களில் இறங்கி, கோடையில் தாமிரபரணிப் பாசன வயல்களை நாடுவது முன்கூட்டியே பேசி முடித்த ஏற்பாடாகும். இரவில் ஆடுகளை வயலில் அடைத்து, புழுக்கையும் சிறுநீரும் நிலத்துக்கு உரமாகச் சேரச் செய்வது கிடை எனப்படும். இதற்கு நிலக்காரர் கூலியும் தருவதால், தீவனம் தேடிச் செல்லும் பயணமே வருவாயாகிறது. இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் தம் குறுநாவல் ஒன்றுக்குக் 'கிடை' என்றே பெயரிட்டது தற்செயல் அன்று.

முதல் மழைக்குத் தழைக்கும் இளம்புல்லே தலைசிறந்த தீனி என்னும் இரண்டாவது நம்பிக்கையோ மந்தையையே அழிக்கக் கூடியது. நீர் மிகுந்து நார் குறைந்த அப்புல்லைக் கோடை முழுதும் காய்ந்த தாளையே தின்று பழகிய ஆடு ஒரேயடியாக மேய்ந்தால், குடலில் இயல்பாகவே வாழும் ஒருவகை நுண்ணுயிர் திடீரெனப் பெருகி நஞ்சைச் சுரக்கிறது. இதுவே துள்ளுமாரி நோய். கொழுத்த ஆடுகளே முதலில் மடிவதால் பலரும் இதைக் கண்ணேறு என்று கருதிவிடுகின்றனர். அனுபவசாலிகள் பருவமழைக்கு முன்பே தடுப்பூசி போடுவித்து, காலையில் உலர்தீவனத்தால் பாதி வயிற்றை நிரப்பி, புல்லின் பனி காய்ந்தபிறகே மந்தையைத் திறக்கின்றனர். ஈரம் இருக்கும்வரை குடற்புழுக்களின் இளம்புழுக்கள் புல்நுனியில் ஏறியிருக்கும் என்பது இத்தாமதத்துக்குக் காரணம். வறட்சியில் வாடிய சோளத்தின் தாம்பு மழைக்குத் துளிர்க்கும்போது அதில் சயனைடு நஞ்சு மிகுந்திருப்பதால், அவ்வயலை அவர்கள் விலக்கியே செல்கின்றனர்.

சீமைக்கருவேல நெற்று வீணானது என்பாரும் உளர், அதுவே முழுத்தீனி என்பாரும் உளர், இரண்டும் பிழை. புரதம் உள்ள தீவனம்தான் எனினும், நெடுங்காலம் அதை மட்டுமே தின்னும் கால்நடைகளுக்குத் தாடைத் தசை செயலிழக்கும் நோய் வருவதைப் பிரேசில் நாட்டினர் பதிவு செய்துள்ளனர். நெற்றை இடித்துப் பிற தீவனத்துடன் கலந்து கொடுத்தால் விதையின் புரதம் ஆட்டுக்குச் சேர்வதோடு, கிடை அமர்ந்த வயலில் மறு ஆண்டு முள்மரம் முளைப்பதும் குறைகிறது.