ஏப்ரலில் அனுப்பும் பிள்ளை ஜூனில் வந்து சேர: தோல் தொழில் ஊர்த் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு வழிகாட்டி

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம். பாலாற்றுப் படுகையில் தோலையும் ஷூவையும் நம்பி வாழும் இந்த ஊர்களின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில், ஆண்டு முடிவு மற்ற ஊர்களைப் போல இருப்பதில்லை. காலையில் கம்பெனி பஸ் ஏறும் அம்மா பொழுது சாய்ந்த பிறகுதான் வீடு திரும்புகிறார். பள்ளி நடக்கும் நேரத்தில் அவரால் வர முடியாது. அவர் வீட்டில் இருக்கும் நேரத்தில் பள்ளி பூட்டியிருக்கும்.

இந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் தவறிப் போகிறார்கள். ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை ஆறாம் வகுப்பில் சேர்ந்ததா என்று ஜூனில் கேட்க ஆளில்லை. தொடக்கப் பள்ளியைப் பொறுத்தவரை அது போய்விட்ட பிள்ளை; அடுத்த பள்ளிக்கோ இன்னும் வராத பிள்ளை. ஆண்டு விழா, பரிசு, குரூப் போட்டோ எல்லாம் வேண்டியவைதான். ஆனால் ஒரு பிள்ளைகூட நடுவில் விடுபடாமல் கைமாற்றுவதுதான் ஆண்டு முடிவின் முதல் வேலை. தலைமை ஆசிரியர், வகுப்பாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர் மூவரும் சேர்ந்து செய்யக்கூடிய எட்டுப் படிகள் இவை.

1. மார்ச் தொடக்கத்தில் பட்டியல் எழுதுங்கள்

ஒரு நீளமான நோட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரின் பெயரையும் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஐந்து கட்டங்கள் போதும்: எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடு) எண், சேரப்போகும் பள்ளி, சேர்க்கக் கூட்டிப்போகும் ஆள், வீட்டில் மாலையில் எடுக்கும் போன் எண், தடை. கடைசிக் கட்டம்தான் முக்கியம். தூரம், பஸ், தமிழ் வழியா உருது வழியா என்ற குழப்பம், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை, கடன், ஊர் மாற்றம் என எதுவாக இருந்தாலும் அதில் எழுதுங்கள். தடை தெரிந்தால் அதை நீக்க மூன்று மாதம் கையில் இருக்கிறது.

மற்ற வகுப்புகளில் பொங்கலுக்குப் பிறகு வருகை குறைந்த பிள்ளைகளுக்கும் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். அரசுப் பள்ளிகளில் புதிய சேர்க்கை சில ஆண்டுகளாக மார்ச் மாதமே தொடங்கிவிடுகிறது. 2025-இல் மார்ச் 1 அன்றே தொடங்கியது. ஜூலை 31-க்குள் ஐந்து வயது நிரம்பும் பிள்ளைகள் தெருவில் யார் யார் என்று அந்த நோட்டிலேயே குறித்துக்கொள்ளலாம்.

2. அம்மாக்களின் நேரத்துக்குக் கூட்டம் போடுங்கள்

கல்வி உரிமைச் சட்டப்படி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2024-இல் குழு திருத்தி அமைக்கப்பட்டபோது 24 பேர் கொண்டதானது. முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. ஆனால் வழக்கமான கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்கிறது. கம்பெனி அம்மாக்களுக்கு அது வேலை நேரம். ஜும்ஆ முடித்துவரும் அப்பாக்களுக்கும் நெருக்கடியான நேரம்.

அதனால் ஐந்தாம் வகுப்புப் பெற்றோருக்கென்று ஒரு ஞாயிறு மாலையில் தனிக் கூட்டம் வையுங்கள். தேவாலயம் போகிறவர்களும் அதற்குள் வீடு திரும்பியிருப்பார்கள். அழைப்பை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பாமல் பேசி அனுப்புங்கள். “அம்மா, உங்க பிள்ளை அடுத்த வருஷம் பெரிய ஸ்கூலுக்குப் போகுது. எங்க சேக்கறதுன்னு சேர்ந்து பேசணும். ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு வந்துடுங்க. நீங்க வர முடியலன்னா பாட்டியை அனுப்புங்க.” இதையே உருது பேசும் ஓர் அம்மாவைக் கொண்டு உருதுவிலும் பதிவு செய்து அனுப்புங்கள். பஸ்ஸில் போகும்போதே கேட்டுவிடுவார்கள்.

3. ஆறாம் வகுப்பு முடிவின் எடையைச் சொல்லுங்கள்

பெரும்பாலான குடும்பங்களுக்கு இது தெரிவதில்லை: ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளி என்பது பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு கிடைக்கும் உதவிகளைத் தீர்மானிக்கிறது. மருத்துவப் படிப்பில் 2020 முதல் நடைமுறையில் இருக்கும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பதே அடிப்படைத் தகுதி. கல்லூரி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-இலும் வந்தன. அவையும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கிடுகின்றன. அரசு உதவிபெறும் பள்ளி என்றால் எந்த உதவி உண்டு, எது இல்லை, பயிற்று மொழி பற்றிய விதி என்ன என்பதை அந்தப் பள்ளியிலேயே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். உருது வழியில் படித்த பிள்ளைக்கு, உருது வழி எந்த வகுப்பு வரை இருக்கிறது என்பதும் சேரும் முன்பே தெரிய வேண்டும்.

மார்ச் கடைசிக்குள் ஒருநாள் ஐந்தாம் வகுப்பு முழுவதையும் அருகிலுள்ள நடுநிலை அல்லது மேல்நிலைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போங்கள். வகுப்பறை, கழிப்பறை, நூலகம், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் காட்டுங்கள். அதே பள்ளியில் படிக்கும் உங்கள் பழைய மாணவர் இருவர் சுற்றிக்காட்டினால் பிள்ளைகளின் பயம் பாதி போய்விடும்.

4. தாள்களைப் பள்ளி மூடும் முன்பே கையில் கொடுங்கள்

மாற்றுச் சான்றிதழ், ஆதார் நகல், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டுப் பிள்ளையின் பெயர் எழுதிக் கொடுங்கள். சாதிச் சான்றிதழ் இல்லாதவர்களை மார்ச்சிலேயே இ-சேவை மையத்துக்கு அனுப்புங்கள். ஜூனில் கூட்டம் நெரியும். ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் சம்பளம் போகும்.

மாற்றுச் சான்றிதழை உடனே தருவது தலைமை ஆசிரியரின் கடமை. அது வரத் தாமதமானது என்று காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்றும் திருப்பி அனுப்பக் கூடாது. இது 14-ஆவது பிரிவு. இந்த இரண்டையும் உறையின் மேல் எழுதிக் கொடுத்தாலும் நல்லதே.

2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததை மறக்க வேண்டாம். ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்திலும் பேரணாம்பட்டு வேலூரிலும் மேல்விஷாரம் ராணிப்பேட்டையிலும் இருக்கின்றன. வேலைக்காகப் பக்கத்து ஊருக்குக் குடிபோகும் குடும்பத்துக்கு மாவட்டமே மாறிவிடலாம். அந்தப் பிள்ளையின் பெயர் எமிஸில், பள்ளி மாறும் பிள்ளைகளின் பொதுப் பட்டியலான காமன் பூலிலேயே கிடக்காமல் புதிய பள்ளி எடுத்துக்கொண்டதா என்று கண்காணியுங்கள்.

5. ஆண்டு விழாவை வெயிலும் நோன்பும் பார்த்து வையுங்கள்

2025-இல் வெயில் கடுமையால் தொடக்க வகுப்புகளின் ஆண்டுத் தேர்வை முன்னுக்கு இழுத்து, ஏப்ரல் 7-இல் தொடங்கி 17-க்குள் முடித்தார்கள். அதே ஆண்டு மார்ச் முழுவதும் ரம்ஜான் நோன்பு. நோன்பு ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். நாட்காட்டி பார்த்தே தேதி குறியுங்கள். நோன்பு நாளைத் தவிர்க்கவே முடியாதென்றால், இஃப்தாருக்கு ஒரு மணி நேரம் முன்பே விழா முடிய வேண்டும்.

மற்றபடி, ஞாயிறு மாலை நாலரைக்குத் தொடங்கி ஒன்றரை மணி நேரத்தில் முடியுங்கள். பந்தலும் குடிதண்ணீரும் முதல் செலவு. ஒலிபெருக்கி அதற்குப் பிறகு. நடன உடைக்குப் பெற்றோரிடம் பணம் கேட்காதீர்கள். சீருடையிலேயே ஆடலாம். ஒவ்வொரு பிள்ளையும் ஒருமுறையாவது மேடை ஏற வேண்டும். கதை சொல்ல, விடுகதை போட, தமிழிலோ உருதுவிலோ தெலுங்கிலோ ஒரு பாட்டுப் பாட என்று வாய்ப்பைப் பிரித்துக் கொடுங்கள்.

பிள்ளைகளின் வீட்டுத் தொழிலுக்கும் மேடையில் பத்து நிமிடம் கொடுங்கள். கட்டிங், க்ளோசிங், லாஸ்டிங் என்று ஒரு ஷூ எத்தனை கை மாறுகிறது என்பதை ஓர் அம்மாவோ அப்பாவோ ஒரு ஜோடியைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கட்டும். தன் தாயின் கைத்திறனை ஊர் கைதட்டி ஏற்பதைப் பார்க்கும் பிள்ளை, வீட்டையும் பள்ளியையும் வேறு வேறு உலகமாக நினைக்காது.

6. ஐந்தாம் வகுப்புக்கு முறையாக விடை கொடுங்கள்

தேர்வு முடியும் நாளில் ஒரு மணி நேரம் போதும். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு வாழ்த்து அட்டை செய்து கொடுக்கட்டும். காலை உணவும் சத்துணவும் சமைத்தவர்களையும், பள்ளியைக் கூட்டிப் பெருக்கியவரையும் பிள்ளைகள் பெயர் சொல்லி அழைத்து நன்றி சொல்லட்டும். ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனிடம் கண்ட நல்லதை இரண்டு வரி கைப்பட எழுதிக் கொடுக்கலாம். புதிய பள்ளியில் முதல் வாரம் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த இரண்டு வரி துணை.

7. கோடைக்குத் தெருவாரியாக ஏற்பாடு செய்யுங்கள்

தொழிற்சாலைக் குழந்தைகள் காப்பகம் சட்டப்படி ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த வயதைத் தாண்டியவர்கள். பள்ளி மூடியதும் அவர்கள் பகல் முழுக்கத் தனியாக இருக்கிறார்கள். காலை உணவும் சத்துணவும் அன்றோடு நிற்கின்றன. ஒவ்வொரு தெருவிலும் வீட்டில் இருக்கும் இரண்டு பெரியவர்களைப் பொறுப்பாக்குங்கள். பிள்ளை மதியம் சாப்பிட்டதா, எங்கே இருக்கிறது என்று அவர்கள் ஒருமுறை பார்த்தால் போதும். சுவரில்லாத கிணறு, ஏரி, கல்குவாரிக் குட்டை, பாலாற்று மணற்பள்ளம் எங்கெங்கே என்று பட்டியலிட்டுப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சொல்லுங்கள்.

ஷூ அப்பர் வீட்டுக்கு வாங்கிவந்து தைக்கும் குடும்பங்களிடம் பழி சொல்லாமல் பேசுங்கள். ஒட்டும் சொல்யூஷன் நெடி பிள்ளைகளுக்கு ஆகாது. கூலிக் கணக்கை எட்ட பிள்ளையின் கையைச் சேர்ப்பது படிப்பைத் தின்னும். 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பது குற்றம். ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்கு 1098, கல்வி சந்தேகங்களுக்கு 14417. இரண்டையும் எல்லா வீட்டிலும் எழுதி ஒட்டச் செய்யுங்கள்.

நூலகப் புத்தகங்களைப் பூட்டி வைக்காதீர்கள். வாசிப்பு இயக்கத்தின் ‘நுழை, நட, ஓடு, பற’ நூல்களையும் ‘ஊஞ்சல்’ இதழ்களையும் ஆளுக்கு மூன்றாகப் பதிவு செய்து கொடுத்து, நடுவில் ஒரு ஞாயிறு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். சில நூல்கள் கிழிந்து திரும்பினால், அவை வாசிக்கப்பட்டன என்று பொருள்.

8. ஜூனில் பட்டியலை மறுபடி எடுங்கள்

பள்ளி திறக்கும் தேதி வெயிலால் நகர்கிறது. தொடக்க வகுப்புகள் 2023-இல் ஜூன் 14 அன்றும், 2024-இல் ஜூன் 10 அன்றும், 2025-இல் ஜூன் 2 அன்றும் திறந்தன. ஊருக்குப் போன குடும்பங்களுக்குத் தேதி உறுதியானதும் குரல் பதிவு அனுப்புங்கள்.

திறந்த முதல் வாரத்தில், மார்ச்சில் எழுதிய நோட்டோடு ஆறாம் வகுப்புப் பள்ளிகளுக்குப் போய் ஒவ்வொரு பெயரையும் சரிபாருங்கள். வராத பிள்ளையின் வீட்டுக்கு, அம்மா திரும்பிய பிறகு, ஆசிரியரும் குழு உறுப்பினர் ஒருவரும் சேர்ந்து போங்கள். “ஏன் அனுப்பல?” என்று தொடங்காமல், “என்ன வேணும், நாங்க என்ன செய்யட்டும்?” என்று கேளுங்கள். பஸ் பாஸா, ஒரு சான்றிதழா, தம்பியை விட அங்கன்வாடியா என்று பதில் தெரிந்துவிடும்; அதில் பலவற்றை ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்.

எல்லாப் பெயருக்கும் எதிரே சேர்ந்த பள்ளியும் தேதியும் எழுதியான பிறகு, அதை மேலாண்மைக் குழுவின் ஜூன் கூட்டத்தில் உரக்கப் படித்துத் தீர்மான நோட்டில் ஏற்றுங்கள். அன்றுதான் போன கல்வியாண்டு முடிந்ததென்று கணக்கு. ஒரு பெயருக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தால், அந்த ஆண்டு இன்னும் முடியவில்லை. அதை முடித்துவைக்க யார் போகிறார்கள், எந்த நாளில் போகிறார்கள் என்று அந்தக் கூட்டத்திலேயே எழுதிவிட்டுத்தான் எழ வேண்டும்.