தரவுத்தளத்துக்கு ஓர் ஒத்திகை

(பி.எஸ்சி. கணினி அறிவியல், இரண்டாம் ஆண்டு)

வங்கிக் கணக்கு, மருத்துவமனைப் பதிவு, மாணவர் உதவித்தொகை ஆகிய யாவும் இன்று கணிப்பொறியின் தரவுத்தளங்களில் அடங்கியுள்ளன. தரவுத்தளம் என்பது ஒழுங்குபடுத்தப்பட்ட ஒரு பேரேடு. அதைக் கையாளும் மென்பொருள் பழையதானால் புதிய பதிப்புக்கு மாறியே தீர வேண்டும். அம்மாற்றத்துக்கு முன் செய்ய வேண்டியவை யாவை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஆயத்தம்

வீடு மாறுமுன் பண்டங்களை எண்ணி வைப்பது நம் வழக்கம். அதுபோல ஒவ்வோர் அட்டவணையிலும் எத்தனை வரிசைகள் உள்ளன என்று குறித்துக்கொள்ள வேண்டும். இருமுறை பதிவானவற்றைக் களைய வேண்டும். புதிய பதிப்பு ஏற்காத பழைய அமைப்புகள் எவை, வட்டில் போதிய இடம் உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

காப்புப்படியும் குளோனும்

காப்புப்படி பெட்டியில் பூட்டி வைத்த பத்திரம் போன்றது. குளோன் என்பதோ வேறொரு கணிப்பொறியில் உயிரோடு இயங்கும் மறுபடி. பதிவுகள் மாறிக்கொண்டிருக்கும்போதே கோப்புகளை ஒவ்வொன்றாக நகலெடுத்தால், ஒரு கணக்கிலிருந்து பணம் போயிருக்கும். மறு கணக்கில் வந்திருக்காது. ஆகவே தரவுத்தளத்தை நிறுத்திவிட்டோ, அதுவே அளிக்கும் நகல் வசதியைக் கொண்டோதான் படியெடுக்க வேண்டும். குளோன் இயங்கத் தொடங்குமுன் அதிலிருந்து மின்னஞ்சல் வெளியே போகாதவாறு தடுக்க வேண்டும். இல்லையேல் உண்மையான மக்களுக்குப் பொய்யான நினைவூட்டல்கள் போய்ச் சேரும். பெயர், தொலைபேசி எண் போன்றவற்றை மறைத்துவிடுதலும் கடமையாகும்.

மீட்டுப் பாராத படி

2017 சனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில், தவறான கணிப்பொறியில் தரவுக் கோப்புகள் அழிக்கப்பட்டன. நாள்தோறும் காப்புப்படி எடுக்கப்படுகிறது என்றே அங்கு நம்பியிருந்தனர். ஆனால் தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பில் இருக்க, படியெடுக்கும் கருவி 9.2 பதிப்பாக இயங்கியதால் படியே உருவாகவில்லை. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவர்களைச் சேரவில்லை. சோதனைத் தளத்துக்காகச் சுமார் 6 மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த நகல் ஒன்றே கைகொடுத்தது. இடைப்பட்ட நேரத்துப் பதிவுகள் மீளவில்லை.

ஒத்திகை

குளோன் கிடைத்தபின் மாற்றம் முழுவதையும் முதலில் அதிலேயே செய்து பார்க்க வேண்டும். எத்தனை மணி நேரம் ஆகிறது, வரிசை எண்ணிக்கை ஒத்து வருகிறதா, பழைய நிலைக்குத் திரும்ப இயலுமா என மூன்றையும் குறிக்க வேண்டும். உண்மையான கூட்டத்தைத் தாங்குமா என்றும் சோதிக்க வேண்டும். பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி, சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களை 2018 ஏப்ரலில் புதிய அமைப்புக்கு மாற்றியது. தரவுகள் சரியாகவே போய்ச் சேர்ந்தன. புதிய அமைப்புதான் தாங்கவில்லை. பலரால் தம் கணக்கைப் பார்க்கவும் இயலவில்லை. நிலைமை முற்றிலும் சீராக டிசம்பர் வரை ஆயிற்று. இரண்டு தரவு மையங்களில் ஒன்றில் மட்டுமே பளுச் சோதனை நடந்தது என்பது பின்னர் ஆய்வில் வெளிப்பட்டது. 2022இல் வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. ஆழம் அறியாமல் காலை விட்டதன் விலை அது!

முடிவுரை

அட்டவணையின் ஒவ்வொரு வரிசைக்குப் பின்னும் ஒரு மனிதர் இருக்கிறார். ஒரு வரிசை தொலைந்தால் ஒரு வீட்டின் முதல் பட்டதாரிக்கு வர வேண்டிய உதவித்தொகை நின்றுபோகலாம். அதைக் கேட்டுப் பெறும் வழி அவ்வீட்டாருக்குத் தெரியாமலும் போகலாம். நாளை இப்பணிக்குச் செல்லவிருக்கும் நாம் நம் ஆய்வுக்கூடத்திலேயே பழகலாம் அன்றோ? சிறு தரவுத்தளம் ஒன்றைப் படியெடுத்து, அடுத்த கணிப்பொறியில் மீட்டு, வரிசைகளை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை ஒத்து வந்த பிறகே அதைக் காப்புப்படி என்று சொல்லுங்கள்.