திருத்தங்களைக் காக்கும் முறைகள்: எதனைத் தெரிதல் தகும்?

ஏட்டுச்சுவடிகளை ஆராய்ந்து அச்சிட்ட பெரியோர்க்கு நேர்ந்த தொல்லைகளுட் பெரிது பாடபேதமாம். டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1887-இற் சீவகசிந்தாமணியையும் 1894-இற் புறநானூற்றையும் பல பிரதிகளை ஒப்புநோக்கியே வெளியிட்டார்கள். ஒரு பாடத்தை யார், எப்பொழுது, எக்காரணத்தால் மாற்றினார் என்பதை ஏடு கூறாது. கணினி நிரல் எழுதுவோர்க்கும் இவ்விடர் உண்டு. இதனை நீக்க எழுந்தனவே பதிப்புக் கட்டுப்பாட்டு முறைகள்.

இவை இருவகைய. மூலப்பிரதியும் அதன் வரலாறும் ஓரிடத்தேயிருக்க, ஏனையோர் ஆண்டுச் சென்று பெற்றுத் திருத்திச் சேர்ப்பது ஒருவகை. 2000-இல் தொடங்கப்பெற்ற சப்வர்ஷன் இத்தகையது. வரலாறு முழுவதையும் ஒவ்வொருவரும் தம்பால் வைத்திருப்பது மற்றொருவகை. 2005-இற் பிறந்த கிட்டும் மெர்குரியலும் இத்தகையன. லினக்ஸ் பணியாளர் இலவசமாகக் கையாண்டுவந்த பிட்கீப்பர் என்னும் கருவிக்குரிய அவ்வுரிமை நீக்கப்பட்டமையால், லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை இயற்றினார். பிறர் கையிலுள்ள கருவியை நம்பியிருத்தலின் இடர்க்கு இஃதோர் சான்றாம்.

இனி, ஏர்வாடி முதல் இராமேசுவரம் வரை மீனவர் வழங்கும் சொற்களை மாணவர் நால்வர் தொகுப்பதாகக் கொள்வோம். கச்சான், கொண்டல் முதலிய காற்றுப்பெயர்க்கு ஒருவர் எழுதிய பொருளை மற்றொருவர் அறியாது அழித்தெழுதின், ஓரூர் வழக்கே மறைந்தொழியும். கிட்டில், ஒரே வரியை இருவர் வெவ்வேறாகத் திருத்தின், இணைக்குங்கால் அது நின்று இரண்டனையும் காட்டும்; தீர்ப்பு மனிதனுடையது. கடற்கரையில் இணையத்தொடர்பு அறுந்தாலும் ஒவ்வொருவரும் தத்தம் திருத்தங்களைப் பதிந்துகொண்டு பின்னர்ச் சேர்க்கலாம். சப்வர்ஷனிலோ மூலநிலையத்தை அடைந்தாலன்றித் திருத்தத்தைப் பதிதல் இயலாது.

எனினும் சப்வர்ஷனைத் தள்ளுதல் முறையன்று. சுவடிப் படங்கள் போன்ற பெருங்கோப்புகள் மிகுந்தவிடத்து, கிட் அவற்றின் வரலாறு முழுவதையும் ஒவ்வொருவர் கணினியிலும் சுமத்தும். சப்வர்ஷன் வேண்டிய பகுதியை மட்டும் தரும். ஒருவர் திருத்துங்கால் பிறர் தொடாவண்ணம் பூட்டவும் இடந்தரும்.

தமிழ் எழுதுவோர் இரண்டு நினைவிற்கொள்க. கிட் வரிவரியாகவே ஒப்பிடும். ஆதலின் ஒரு வாக்கியத்தை ஒரு வரியாக எழுதுதல் நன்று. ‘கொ’ என்னும் எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோட்டில் ஒரே குறியாகவும், கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் அமைக்கலாம். கண்ணுக்கு ஒன்றேயாயினும் கருவிக்கு இரண்டாம். எனவே தொடக்கத்திலேயே ஒருமுறையைத் துணிதல் வேண்டும்.

ஆகவே, சொற்றொகுதிக்குக் கிட்டும், படத்தொகுதிக்குச் சப்வர்ஷனும் ஏற்றன என்பது எம் கருத்து. எக்கருவியாயினும், திருத்தத்துடன் காரணத்தையும் எழுதாதவிடத்து அது பயன்படாது. இன்று நாம் எழுதிவைக்கும் ஒரு வரிக் காரணம், நாளை இந்நூலை ஆராய்வானுக்குப் பாடபேதத் துன்பத்தைக் குறைக்கும்.