உலையில் எரிந்த பிறகு

மதுரை

அன்புள்ள கயல்விழிக்கு,

கூடங்குளத்தில் ஓடும் இரண்டு அணு உலைகளும் தலா 1000 மெகாவாட் திறன் கொண்டவை. ஆடிக் காற்று அடங்கினால் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் ஓய்ந்துவிடும். பொழுது சாய்ந்தால் சூரியத் தகடுகளும் அப்படியே. அணு உலை இரவு பகல் பாராமல் ஓடும். மதுரைக்கு வரும் மின்சாரத்திலும் அதன் பங்கு கலந்திருக்கிறது.

உலைக்குள் இருப்பவை விரல் நுனி அளவேயான யுரேனிய வில்லைகள். சிர்க்கோனியக் குழாய்களில் அடுக்கிய அவற்றைச் சில ஆண்டுகளில் மாற்றியாக வேண்டும். வெளியே எடுத்த பிறகும் சூடும் கதிர்வீச்சும் அடங்குவதில்லை. உலையை ஒட்டிய ஆழமான தொட்டியில், தண்ணீருக்கு அடியில், ஆண்டுக்கணக்கில் அவற்றை வைத்திருப்பார்கள். சோவியத் நாட்டோடு செய்த 1988 ஒப்பந்தப்படி கூடங்குளத்தின் எரிந்த எரிபொருள் அந்நாட்டுக்கே திரும்புவதாக இருந்தது. பின்னர் இந்தியாவே வைத்துக்கொள்வதென்று மாறியது.

அதைக் கழிவு என்று இந்திய அணுசக்தித் துறை கருதுவதில்லை. அதில் பெரும்பகுதி இன்னும் யுரேனியம்தான். நூற்றில் ஒரு பங்களவு புளூட்டோனியமும் உண்டு. நாட்டில் யுரேனியம் குறைவு, தோரியம் மிகுதி. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே அது கிடைக்கிறது. ஆனால் தோரியம் தானாக உலையை ஓட்டாது. புளூட்டோனியத்தின் துணையோடுதான் அந்த நிலைக்குப் போக முடியும் என்பதே அணு விஞ்ஞானி ஹோமி பாபா வகுத்த மூன்று கட்டத் திட்டம். கல்பாக்கத்தின் 500 மெகாவாட் ஈனுலை அதில் இரண்டாம் கட்டம். எரிந்த எரிபொருளைப் புதைத்துவிட்டால் இந்த வழியே அடைபடும்.

யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தெடுக்கும் மறுசுத்திகரிப்புக்குப் பிறகு மிஞ்சுவதே உண்மையான கழிவு. அதைக் கண்ணாடியோடு உருக்கி, துருப்பிடிக்காத எஃகுக் கலன்களில் ஊற்றி உறையவைக்கிறார்கள். அதிலுள்ள சீசியம்-137 பாதியாகக் குறையவே 30 ஆண்டுகள் பிடிக்கும். வேறு சில தனிமங்களுக்குப் பல்லாயிரம் ஆண்டுகள். அவற்றுக்குப் பாறையடிக் கிடங்கு வேண்டும். 2013 மே மாதம் கூடங்குளம் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை விரைந்து அமைக்கச் சொன்னது. இடம் இன்னும் முடிவாகவில்லை.

முடிவாகாத இடம் எல்லா ஊரிலும் அச்சமாகிறது. கிடங்கு அங்கே வரும் என்ற பேச்சால் 2012-இல் கோலார் தங்கவயல் கொதித்தது. தேனி பொட்டிப்புரத்தில் நியூட்ரினோக்களை ஆராய மலையைக் குடையும் திட்டமும் கழிவுக் கிடங்காகிவிடுமோ என்ற ஐயத்தைக் கிளப்பியது; 2015-இல் வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வந்தது. அந்த ஆய்வுக்கூடத்துக்கும் அணுக்கழிவுக்கும் தொடர்பில்லை. ஆனாலும் கழிவு எங்கே போகும் என்ற மக்களின் கேள்வி நியாயமானதே.

அந்தக் கேள்வியில் ஊரின் குரலுக்கும் இடம் தந்த நாடு பின்லாந்து. அதன் ஒன்காலோ அணுக்கழிவுக் கிடங்கு பாறைக்குள் 400 மீட்டருக்கும் கீழே குடையப்பட்டது. உள்ளூர் மன்றம் மறுத்தால் திட்டமே இல்லை என்பது அந்நாட்டுச் சட்டம். கிடங்கு அமையும் யூராயோக்கியின் ஊர் மன்றம் 2000-இல் வாக்கெடுத்து ஒப்புதல் தந்த பிறகே நாடாளுமன்றம் அதை ஏற்றது.

அன்புடன்,
பெரியப்பா