பைப் மரையில் சொட்டுகிறதா? ரெஞ்சைக் கீழே வையுங்கள்

ஆய்க்குடி, இலஞ்சி, தென்காசிப் பக்கம் வீட்டில் பைப் வேலை வைத்திருப்பவர்கள் அதைச் சாரலுக்கு முன்னாலேயே முடித்துக்கொள்வது நல்லது. ஜூனில் குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கினால் காற்றில் ஈரம் ஏறிவிடும். சால்வென்ட் சிமெண்ட் காயக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஆனால் துடைத்து, காயவிட்டு ஒழுங்காக ஒட்டிய இணைப்பு கசிவது அபூர்வம். வீடுகளில் சொட்டுவது பெரும்பாலும் மரை உள்ள இடத்தில்தான்: குழாய் மாட்டும் எல்போ, டேங்க் நிப்பிள், மோட்டார் பக்கத்து யூனியன். ஆகவே, பின்னால் கழற்ற வேண்டி வரும் இடத்துக்கு மட்டும் மரை வையுங்கள். மற்றதையெல்லாம் ஒட்டிவிடுங்கள்.

கடையில் வெளிமரைக்கு எம்டிஏ, உள்மரைக்கு எஃப்டிஏ என்பார்கள். கவனமெல்லாம் எஃப்டிஏவில் இருக்கட்டும். பைப் மரை முனையை நோக்கிச் சற்றே கூம்பிப் போகும். திருகத் திருக உள்மரையை, கட்டையில் இறங்கும் ஆப்பு மாதிரி, அகட்டும். உள்மரை பிளாஸ்டிக்காகவும் உள்ளே போவது பித்தளைக் குழாயாகவும் இருந்தால் விட்டுக்கொடுப்பது பிளாஸ்டிக்தான். அன்றைக்கே வெடித்தால் தப்பித்தோம். பல சமயம் டைல்ஸ் ஒட்டிச் சில மாதம் கழித்துத்தான் கீறல் விடும். சுவருக்குள் போகும் எல்போ, டீ எல்லாம் பித்தளை மரை பதித்ததாகவே வாங்குங்கள். விலை கூடத்தான், சுவரை உடைத்துப் பூசும் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் வெளிமரையைப் பித்தளை உள்மரைக்குள் ஏற்றுவதில் இந்தப் பயம் இல்லை.

அளவிலும் பலர் ஏமாறுகிறார்கள். அரை இஞ்சு மரையை ஸ்கேலில் அளந்தால் வெளிவிட்டம் ஏறத்தாழ 21 மில்லிமீட்டர் வரும். முக்கால் இஞ்சு 26-ஐத் தாண்டும். பழைய துண்டைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே மாட்டிப் பார்ப்பதுதான் உத்தமம். வெளிநாட்டிலிருந்து வந்த ஷவர், ஃபில்டர் என்றால் இன்னொரு வம்பு உண்டு. அமெரிக்க மரைக்கும் நம் ஊர் மரைக்கும் அரை இஞ்சில் ஒரு இஞ்சுக்கு 14 மரைதான். கோணம் மட்டும் 60, 55 டிகிரி என்று மாறும். நாலு சுற்று சமத்தாக ஏறும், அப்புறம் சொட்டும்.

வெள்ளை யுபிவிசி பைப்பில் டை போட்டு மரை வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பைப்பில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். ஷெட்யூல் 40 என்றிருந்தால் வெட்டவே கூடாது. 80 தாங்கும், ஆனால் மரை வெட்டியதும் அதன் அழுத்தத் திறன் பாதியாகிவிடும். வெந்நீருக்கு யுபிவிசி ஆகாது, சிபிவிசி வேண்டும். அதிலும் கீசர் வாயில் பிளாஸ்டிக் மரையை நேராக மாட்டாதீர்கள். சூட்டில் பிளாஸ்டிக் பித்தளையைவிட மூன்று மடங்குக்கு மேல் விரியும். விரிந்து சுருங்கியே மரை தளர்ந்துவிடும்.

இனி மாட்டுவது. மரை முனை உங்களைப் பார்க்க வைத்து, கடிகார முள் திசையில் டெஃப்லான் டேப்பை மூன்று நான்கு சுற்று இழுத்துச் சுற்றுங்கள். சணலும் பெயிண்டும் ஜிஐ பைப்போடு போகட்டும்: சணல் ஊறிப் பருத்துப் பிளாஸ்டிக்கைப் பிளக்கும். மரையில் சால்வென்ட் தடவுகிறவரை உடனே நிறுத்துங்கள். கையால் முடிந்தவரை திருகி, பிறகு ரெஞ்சில் ஒரு சுற்று, மிஞ்சினால் ஒன்றரை. எல்போ திரும்ப வேண்டிய பக்கத்தைத் தாண்டிவிட்டால் பின்னால் திருப்பிச் சரிசெய்யாதீர்கள். கழற்றி, டேப்பை உரித்து, புதிதாகச் சுற்றுங்கள். கசிகிற மரையை மேலும் இறுக்குவது நம்மவர்களுக்குக் கை வந்த பழக்கம். பாதிக் கீறல்கள் அப்படி வந்தவைதான்.

மொட்டைமாடியில் ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்று சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவதோடு நிற்பதில்லை. பிடிப்பில்லாத பைப்பையும் ஆட்டும். அந்த ஆட்டமெல்லாம் டேங்க் நிப்பிள் மரையில் போய் இறங்கும். நிப்பிளுக்குப் பக்கத்திலேயே கிளாம்ப் அடியுங்கள். வெயில் படும் பைப்புக்குத் தண்ணீரில் கரையும் வெள்ளை எமல்ஷன் பூசினால் போதும்.

எல்லாம் முடிந்ததும் குழாய் மாட்டும் வாய்களை டம்மி போட்டு அடைத்து, டேங்க்கை நிரப்பி, ஒரு இரவு விடுங்கள். காலையில் ஒவ்வொரு மரையையும் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். துணி நனையாவிட்டால் மட்டும் டைல்ஸ்காரரை வரச் சொல்லுங்கள்.