வினாக்களால் எழும் கடை

நுழையும்முன்

பொருளைக் கொடுத்துப் பணத்தைப் பெறுதல் மட்டுமே வணிகம் ஆகாது. வாங்குவோரின் தேவையை அறிந்து நிறைவு செய்தலே அதன் உயிர்நாடி. நேரில் நடைபெறும் வணிகத்தில் இவ்வறிதல் உரையாடலால் இயல்பாக நிகழ்கிறது. வணிகர் எதிரில் இல்லாத இணையக் கடையில் அஃது எவ்வாறு நிகழும்? பவானி ஜமுக்காளத்தைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவிற்கு விடை காண்கிறது இப்பாடம்.

இரவும் பகலும் திறந்த அங்காடி

பழந்தமிழர் பகலில் இயங்கிய கடைத்தெருவை நாளங்காடி என்றும் இரவில் இயங்கியதை அல்லங்காடி என்றும் அழைத்தனர். மதுரை நகரின் இவ்விருவகை அங்காடிகளையும் மதுரைக்காஞ்சி காட்டுகிறது. இன்று ஒரே கடை நாளங்காடியாகவும் அல்லங்காடியாகவும் விளங்க முடிகிறது. அதுவே இணையக் கடை.

டிம் பெர்னர்ஸ் லீ 1989இல் வையக விரிவு வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். 1993இல் அத்தொழில்நுட்பத்தை யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அவர் பணியாற்றிய செர்ன் ஆய்வு நிறுவனம் அறிவித்தது. அதனால் பெருநிறுவனங்கள் மட்டுமன்றிச் சிறுதொழில் செய்வோரும் உலகை நோக்கிக் கடைவிரிக்க வழி பிறந்தது. ஆயினும், இணையதளம் இருப்பதனாலேயே விற்பனை நிகழ்ந்துவிடுவதில்லை.

திரையில் இரு படங்கள்

ஈரோடு மாவட்டத்தில் காவிரியும் பவானியும் கூடும் இடத்தில் அமைந்துள்ள ஊர் பவானி. அங்குத் தடித்த பருத்தி நூலால் வண்ணப் பட்டைகளுடன் நெய்யப்படும் ஜமுக்காளம் புவிசார் குறியீடு பெற்றது. கைத்தறிக்கெனப் பொருள்களை ஒதுக்கீடு செய்யும் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒதுக்கப்பட்ட நெசவுப்பொருள்களுள் ஜமுக்காளமும் ஒன்று.

அங்குள்ள ஒரு நெசவுக் குடும்பம் தன் ஜமுக்காளத்தை இணையவழி விற்க முனைகிறது எனக் கொள்வோம். திறன்பேசித் திரையில் அதன் படத்திற்கு அருகிலேயே விசைத்தறியில் நெய்த விரிப்பின் படமும் தோன்றுகிறது. இரண்டிலும் ஒரே வகை வண்ணப் பட்டைகள், விலையோ வேறு. வேறுபாட்டை எடுத்துச்சொல்ல அங்கு எவரும் இல்லையென்றால், விலை குறைந்ததையே வாங்குவோரின் விரல் தொடும். நெசவாளரின் பல நாள் உழைப்பு அந்த ஒரு நொடியில் தோற்றுவிடக்கூடும். எனவே, அவர் பேசவேண்டியதை அவருடைய இணையதளம் பேசவேண்டும்.

முதலில் கேட்டல், பின்னர்க் கட்டுதல்

இணையதளம் அமைக்க முற்படுவோர் பலர், ‘எங்களைப் பற்றி என்ன சொல்லலாம்?’ என்று தொடங்குகின்றனர். நிறுவனத்தின் வரலாறு, பெற்ற விருதுகள், உரிமையாளரின் படம் ஆகியவை முகப்பை நிறைத்துவிடுகின்றன. வாங்க வந்தவர் தேடும் செய்தியோ எங்கோ ஒரு மூலையில் மறைந்துகிடக்கிறது. ‘வருபவர் என்ன கேட்பார்?’ என்று தொடங்குவதே முறையான வழி.

அவ்வினாக்களைக் கற்பனை செய்யவேண்டியதில்லை. கடைக்கு வருவோர் கேட்பவை, தொலைபேசியில் விசாரிப்பவை, புலனத்தில் அனுப்புபவை ஆகியவற்றை ஒரு மாதக் காலம் குறிப்பேட்டில் எழுதிவைத்தால் போதும். வாங்காமல் திரும்பியவர்கள் கேட்ட வினாக்களையும் விட்டுவிடலாகாது. அவையே கூடுதல் பயன் தருபவை.

அவ்வாறு எழுதிய குறிப்பேட்டில் வாடிக்கையாளர் மூவகையினராகத் தென்படுவர். திருமண வீட்டார், “முகூர்த்தத்திற்கு முன் வந்து சேருமா?” என்பர். பள்ளி, மண்டபம் முதலியவற்றைச் சேர்ந்தோர், “இருபது எடுத்தால் விலை குறையுமா? ரசீது கிடைக்குமா?” என்பர். வெளியூரில் வாழ்வோர், “எடை எவ்வளவு? அனுப்புவதற்கு என்ன செலவாகும்?” என்பர். “சாயம் போகுமா? எப்படித் துவைப்பது? உண்மையிலேயே கைத்தறிதானா?” என்பன எல்லாரும் கேட்பவை.

வினாக்களே வரைபடம்

திரட்டிய வினாக்களை ஒவ்வொன்றாகச் சிறு தாள்களில் எழுதி, ஒத்தவற்றை ஒன்றுசேர்க்க வேண்டும். அளவு, விலை, தரம், அனுப்புதல், திருப்பித் தருதல் என அவை சில குவியல்களாகப் பிரியும். அக்குவியல்களே இணையதளத்தின் பகுதிகள். மிகுதியாகக் கேட்கப்படும் வினாவின் விடை முதலில் இடம்பெற வேண்டும். எவரும் கேட்காத செய்தி முகப்பில் இடம்பெறத் தேவையில்லை.

விடையை வாங்குவோரின் அளவுகோலில் கூறுவது இன்றியமையாதது. ‘6 அடி × 10 அடி’ என்பது நெசவாளரின் கணக்கு. ‘எத்தனை பேர் அமரலாம்?’ என்பதே விருந்துக்கு வாங்குவோரின் கணக்கு. ஒருவர் சம்மணமிட்டு அமர ஏறத்தாழ இரண்டடி நீளமும் இரண்டடி அகலமும் தேவை எனக் கொண்டால், அந்த ஜமுக்காளத்தில் பதினைந்து பேர் அமரலாம். அளவுக்கு அருகில் இந்த ஒரு வரியைச் சேர்த்தால், வாங்குவோர் தாமே கணக்கிட்டுக் குழம்பவேண்டியதில்லை.

‘கைத்தறிதானா?’ என்னும் வினாவிற்கு ‘ஆம்’ என்னும் ஒரு சொல் விடையாகாது, சான்று வேண்டும். தறியில் நெய்யும் சிறு காணொலி, நூலின் தடிமனைக் காட்டும் அண்மைப் படம், நெய்ய ஆகும் காலம், 2006இல் இந்திய அரசு அறிமுகப்படுத்திய கைத்தறி முத்திரையைப் பெற்றிருப்பின் அதன் படம் ஆகியவை விலைக்கு அருகிலேயே இடம்பெற வேண்டும். ஐயம் எழும் இடத்திலேயே விடையும் இருத்தல் நல்ல வடிவமைப்பின் இலக்கணம்.

எளிமையும் அணுகல்தன்மையும்

வாங்குவோரிடம் விலையுயர்ந்த கருவியும் விரைவான இணைப்பும் இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. திறன்பேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் பக்கம் திறப்பதற்குள் பொறுமை தீர்ந்துவிடும். தெளிவு குன்றாத அளவில் படத்தின் கொள்ளளவைக் குறைத்தல் வேண்டும். சிறிய திரையிலும் பொத்தான்கள் விரலுக்கு எட்டும்படி அமைதல் வேண்டும்.

முதியோருக்கும் பார்வைக் குறைபாடு உடையோருக்கும் பயன்படுமாறு அமைத்தலும் வணிகரின் கடமையே. 2008இல் வெளிவந்த வலை உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள், எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாடு 4.5:1 என்ற விகிதத்துக்குக் குறையாமல் இருத்தலை ஒரு தர அளவாக வகுத்துள்ளன. படங்களுக்கு எழுத்துவடிவ விளக்கம் சேர்த்தால், திரைபடிப்பான் அதனை ஒலியாக்கிக் கூறும். ‘சிவப்பு, பச்சைப் பட்டைகள் கொண்ட ஜமுக்காளம்’ என்னும் விளக்கம், பார்வையற்ற ஒருவரும் தாமே தேர்ந்தெடுத்து வாங்க வழிசெய்கிறது.

தெரிந்து தெளிவோம்

இணைய முகவரியின் இறுதிப் பகுதியைத் தமிழ் எழுத்துகளிலேயே அமைக்கலாம். ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ ஆகியன அத்தகையன.

நம்பிக்கையே முதல்

காவிரிப்பூம்பட்டின வணிகரின் நடுவுநிலைமையைப் பட்டினப்பாலை போற்றுகிறது. முகம் காணா வணிகத்தில் அந்நடுவுநிலைமை மேலும் தேவைப்படுகிறது. இந்தியாவின் 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், விற்பவரின் பெயர், முகவரி, தொடர்பு விவரம், மொத்த விலை, திருப்பித் தருவதற்கான நெறிமுறை முதலியவற்றைத் தெளிவாக வெளியிடப் பணிக்கின்றன. குறை கூறப்பட்டால் 48 மணி நேரத்திற்குள் அதனைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும்.

‘இன்னும் இரண்டே உள்ளன’ என்று பொய்யாக அவசரப்படுத்துவதும், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதும் ஏமாற்று வடிவமைப்புகள். இவற்றை 2023இல் வெளியிடப்பட்ட அரசு வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன. குறையையும் மறைக்காது கூறல் நன்று. ‘முதல் முறை துவைக்கும்போது தனியே துவைக்கவும்’ என்னும் அறிவுரை விற்பனையைக் குறைப்பதில்லை. பின்னர் எழும் மனக்கசப்பைத் தவிர்க்கிறது.

சோதித்துத் திருத்துதல்

தளத்தைத் திறந்துவைப்பதற்கு முன், அதனை அறியாத சிலரிடம் திறன்பேசியைக் கொடுத்து, “பதினைந்து பேர் அமரத்தக்க ஜமுக்காளம் ஒன்றை வாங்குங்கள்” என்று கூறவேண்டும். அவர் தடுமாறும்போது நாம் குறுக்கிட்டு வழிகாட்டலாகாது. எங்கே தயங்கினார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று பயன்பாட்டியல் வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். பொருள் தீர்ந்தபின்னும் அதன் படத்தை நீக்காமலும், உயர்ந்த விலையை மாற்றாமலும் விட்டுவைத்த தளம் தூசு படிந்த கடைக்கு ஒப்பாகும். எனவே, திறந்தபின்னும் திருத்தம் தொடரவேண்டும்.

நிறைவாக

நல்ல வணிகத்தளத்தை ஆக்குபவை நிறங்களும் அசையும் படங்களும் அல்ல; வாங்குவோரின் வினாக்களே. அவற்றை மதித்துக் கேட்டவர் சிறு நெசவாளராயினும் பெரிய கடைகளுக்கு நடுவே நிமிர்ந்து நிற்கலாம். தறியின் ஓசை வாங்குவோரின் செவிக்கு எட்டுவதில்லை. அத்தறியின் உண்மையை அவர் கண்முன் நிறுத்துவது இணையதளத்தின் பணியாகும்.

கற்பவை கற்றபின்...

உங்கள் ஊரில் செய்யப்படும் பொருள் ஒன்றை வாங்க வருவோர் கேட்கும் வினாக்களைத் திரட்டி வகைப்படுத்துக. அவற்றைக்கொண்டு முகப்புப் பக்கம் ஒன்றைத் தாளில் வரைந்து வகுப்பில் காட்சிப்படுத்துக.

குறுவினா

1. நாளங்காடி, அல்லங்காடி – வேறுபாடு தருக.
2. வாங்காமல் திரும்பியவர்களின் வினாக்களையும் குறித்துவைக்க வேண்டும் எனக் கூறப்படுவது ஏன்?

சிறுவினா

1. ‘ஐயம் எழும் இடத்திலேயே விடையும் இருத்தல் வேண்டும்’ – சான்றுடன் விளக்குக.
2. இணையக் கடை எல்லாருக்கும் பயன்படுமாறு அமையச் செய்யவேண்டியன யாவை?

நெடுவினா

வாடிக்கையாளரின் தேவையை அடிப்படையாகக் கொண்டு வணிக இணையதளம் ஒன்றைத் திட்டமிடும் முறையைத் தொகுத்து எழுதுக.