கடிகாரமும் தறியும்



நம்மில் பலருக்குக் கிறிஸ்தவ உறவினர் உளர். கிறிஸ்தவத் தோழர் உளர். மணவீட்டிலும் ஆலைவாயிலிலும் அவர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. கடிகாரத்தைச் செய்தவன் ஒருவன் இருக்கையில், உலகத்தைச் செய்தவன் ஒருவன் இல்லாமற் போவானா என்பதே அது. விடை கூற அறியாமல் நம்மவருட் சிலர் வாளா இருக்கின்றனர். சிலர் எள்ளி நகைக்கின்றனர். இரண்டும் தகா. ஆதலின் இதனையே இம்முறை பாடமாகக் கொள்வோம்.

எள்ளிய குற்றம் நம்மிடத்தும் உண்டு. ஆலையில் தறி ஓட்டிய காலத்தில், ஓரிரவு, மூத்த பிட்டர் ஒருவர் தம் சட்டைப்பையிலிருந்த கடிகாரத்தைத் திறந்து நம் கையிற் கொடுத்து, “பார் தம்பி, இது தானாக உண்டாயிற்றா?” என்று கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை. தெரியாமையை மறைக்க, அவருடைய தேவனைப் பழித்துச் சுற்றி நின்றோரைச் சிரிக்க வைத்தோம். அவர் ஒன்றும் பேசாமல் கடிகாரத்தை வாங்கிக்கொண்டு போனார். மறுமாதம் நாம் காய்ச்சலிற் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தவர் அவரே. அவர் கேள்விக்கு நேர்மையான விடை தேடவேண்டும் என்னும் எண்ணம் அன்று பிறந்தது.

வாதம் யாது?

இவ்வாதத்தைப் பெரிதும் பரப்பியவர் வில்லியம் பேலி என்னும் ஆங்கிலேயக் குருவானவர். அவருடைய ‘இயற்கை இறையியல்’ என்னும் நூல் 1802-ஆம் ஆண்டு வெளிவந்தது. வெட்டவெளியில் நடக்கும்போது காலில் ஒரு கல் தட்டினால், அஃது என்றும் அங்கேயே கிடந்தது எனலாம். ஒரு கடிகாரம் கிடந்தாலோ அவ்வாறு கூறல் இயலாது. அதன் சக்கரங்களும் வில்லும் ஒரு நோக்கத்திற்கெனப் பொருந்தியிருத்தலால், செய்தவன் ஒருவன் உண்டென அறிகிறோம். கண்ணின் அமைப்போ கடிகாரத்தினும் நுட்பமானது. ஆதலின் அதற்கும் கர்த்தா ஒருவன் உண்டு என்பது அவர் முடிபு. எதிரியின் வாதத்தை இவ்வாறு முழு வலிமையோடும் எடுத்துரைத்த பின்னரே ஆராயத் தொடங்க வேண்டும்.

முதல் வினா: எவ்வாறு அறிந்தோம்?

கடிகாரத்திற்குக் கர்த்தா உண்டென நாம் அறிவது, மனிதர் கடிகாரம் செய்வதைக் கண்டும் கேட்டும் இருத்தலால். உலகங்கள் செய்யப்படுவதை யார் கண்டனர்? நாம் அறிந்த உலகம் இஃதொன்றே. ஸ்காத்லாந்து நாட்டு அறிஞர் டேவிட் ஹியூம் இத்தடையை முன்னரே எழுப்பினார். அவர் 1776-இல் மறைந்தார். இதுபற்றிய அவருடைய உரையாடல் நூல் 1779-இல், அதாவது பேலியின் நூலுக்கு 23 ஆண்டுகள் முன்னரே, வெளிவந்தது. மேலும், எல்லாம் செய்யப்பட்டவை எனின் கல்லும் செய்யப்பட்டதேயன்றோ? பின்னர்க் கல்லையும் கடிகாரத்தையும் வேறுபடுத்திக் காட்டுவது எங்ஙனம்?

இரண்டாம் வினா: செய்தவன் ஒருவன்தானா?

ஹியூம் கப்பலை எடுத்துக்காட்டினார். நாம் நம் தறியை எடுத்துக்கொள்வோம். விசைத்தறியைச் செய்தவன் யார்? 1733-இல் ஜான் கே பறக்கும் நாடாவுக்கு உரிமை பெற்றார். 1785-இல் எட்மண்ட் கார்ட்ரைட் விசைத்தறிக்கு உரிமை பெற்றார். அவரும் பேலியைப் போலக் குருவானவரே. ஆயினும் அவருடைய முதல் தறி செவ்வனே ஓடவில்லை. பின்வந்தோர் பலர் பல்லாண்டுகள் பிழை கண்டு திருத்தியே அதனைப் பயனுடையதாக்கினர். செய்தவர் பலர், தவறு செய்து கற்றவர், தறி இருக்க அவர்கள் மாண்டனர். ஆகவே யந்திரத்தின் உவமை, ஒருவனாய், பிழையிலனாய், நித்தியனாய் உள்ள கர்த்தாவை நிறுவாது. அவன் பெயரையும் கூறாது. அதிலிருந்து பைபிளின் தேவனிடம் செல்லும் வழியை வாதம் காட்டவில்லை.

மூன்றாம் வினா: பொருத்தம் தானே அமையுமா?

இதற்கு ஹியூமிடம் தெளிவான விடை இல்லை. விடை தந்தவர் சார்லஸ் டார்வின். கேம்பிரிட்ஜில் பயின்ற நாளில் பேலியின் நூலை மிக விரும்பிப் படித்தவர் அவர். 1859-இல் அவர் வெளியிட்ட நூலின் சாரம் இது: ஓரினத்துள் பிறக்கும் உயிர்கள் சிற்சில வேறுபாடுகளோடு பிறக்கின்றன; பிறந்தவை யாவும் பிழைப்பதில்லை; பிழைக்க உதவிய வேறுபாடு சந்ததிக்குச் செல்கிறது. தலைமுறை தோறும் இது திரள, பொருத்தம் விளைகிறது. இதுவே இயற்கைத் தேர்வு. இது வெறுந் தற்செயலன்று. காரணமும் காரியமுமாகிய தொடர்ச்சி.

கண்ணுக்கும் படிகள் உள. தட்டைப்புழுவுக்கு ஒளியறியும் சிறு குழியே கண். நாட்டிலஸ் என்னும் கடற்பிராணியின் கண்ணில் வில்லையே இல்லை. நம் கண்ணில் நரம்பிழைகள் விழித்திரையின் முன்புறம் ஓடி, அதைத் துளைத்து வெளியேறுவதால் ஒரு குருட்டிடம் உண்டு. ஆக்டோபஸின் கண்ணில் அக்குறை இல்லை. குறையுள்ள யந்திரத்துக்கும் கர்த்தா உண்டு எனப் பேலி முன்னரே விடையிறுத்துள்ளார், அது சரியே. ஆயினும் எல்லாம் வல்லவன் செய்தான் என்போர்க்கு அக்குறை ஒரு கேள்வியாகவே நிற்கும். படிப்படியாக வளர்ந்தது என்போர்க்கோ அஃது எதிர்பார்க்கத்தக்கதே.

எஞ்சியது யாது?

இதனால் தேவன் இல்லையென நிறுவிவிட்டோம் என எண்ணற்க. இவ்வொரு வாதம் அவனை நிறுவவில்லை என்பதே நாம் கண்டது. டார்வினை ஏற்றுத் தம் விசுவாசத்தையும் காக்கும் கிறிஸ்தவர் பலர். அவர்களுடைய நம்பிக்கை கடிகாரத்தின்மேல் நிற்பதன்று.

இதே அளவுகோலை நம்மீதும் வைக்க வேண்டும். 1956-இல் நாகபுரியில் இலட்சக்கணக்கானோர் தம்மம் ஏற்றனர். ஆதலின் தம்மம் மெய் என்று நம்மவர் சிலர் பேசுகின்றனர். எண்ணிக்கை மெய்ம்மைக்குச் சான்றாயின், கிறிஸ்தவர் நம்மினும் மிகப் பலராயிற்றே! இன்றைய விஞ்ஞானம் அனைத்தும் பகவன் முன்னரே உரைத்தது என்போரும் உளர். இதுவும் கடிகார வாதம் போன்றதே. கேசபுத்தத்துக் காலாமர்க்குப் பகவன் உரைத்தபோது, மரபையும் நூலையும் மட்டுமன்றி, வெறுந் தர்க்கத்தையும், ‘இவர் எம் குரு’ என்னும் மதிப்பையும் கொண்டே ஒன்றை ஏற்க வேண்டா என்றார். இச்சொல் நம் மேடைப் பேச்சுக்கும் பொருந்தும்.

அப்பெரியவர் இன்றில்லை. அவரிடம் இவ்விடையைக் கூறும் பேறு நமக்கு வாய்க்கவில்லை. உங்களிடம் கடிகாரத்தை நீட்டுவோர் இன்னும் உளர். முதலில் அதைக் கையில் வாங்கிப் பாருங்கள். அவர் சொல்வதை முழுதுங் கேளுங்கள். பின்னர் அமைதியாக விடை கூறுங்கள்.

வகுப்பில் ஆராய வேண்டியவை

1. பேலியின் வாதத்தை ஒரு கிறிஸ்தவர் ஒப்புமாறு உங்கள் சொற்களில் உரைக்க.

2. ‘நிறுவவில்லை’ என்பதற்கும் ‘இல்லையென நிறுவியது’ என்பதற்கும் உள்ள வேறுபாடு யாது?

3. தம்மத்திற்கு ஆதரவாக நீங்கள் கூறிவரும் வாதங்களுள் வலுவற்றது எது?